பல லட்சம் வாடகை, ஒற்றை முட்டை... செஷல்ஸ் தீவுகளில் ஒரு பறவை பிழைத்த கதை!

இந்தியப் பெருங்கடலில் ஒரு குட்டித் தீவு. பரப்பளவு 201 ஹெக்டேர். அதாவது, ஏறக்குறைய 500 ஏக்கர். விருந்தினர் தங்குவதற்கு 11 வில்லாக்கள்தான். ஓர் இரவு தங்கப் பல லட்சம் ரூபாய் வாடகை. 2011-ல் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமும் கேட்டும் தேனிலவுக்குப் போனது இங்கேதான்.

தீவின் பெயர் நார்த் தீவு. செஷல்ஸ் நாட்டைச் சேர்ந்தது. இங்கே வந்திறங்கும் அரிசி மூட்டை, காய்கறிப் பெட்டி, கட்டுமானச் சாமான் எதையும் கரையில் வைத்துப் பிரிக்க முடியாது. எலி புகவும் முடியாத, உள்ளே இருக்கும் எலி தப்பவும் முடியாத தனி அறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திய பிறகுதான் பிரிப்பார்கள்.

கோடீஸ்வரர்கள் வந்து தங்கும் இடத்தில் எலியைக் கண்டு ஏன் இவ்வளவு பயம்? சுகாதாரம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் வேறு. ஒரே ஒரு கர்ப்பிணி எலி கரையேறினால், 20 வருட உழைப்பும் உலகில் வேறெங்கும் இல்லாத சில உயிரினங்களும் காணாமல் போய்விடும். செஷல்ஸ் இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

கற்பகத்தரு வில்லன் ஆன இடம்

செஷல்ஸ் 115 தீவுகள் கொண்ட நாடு. மக்கள்தொகை ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். தலைநகர் விக்டோரியா இருக்கும் பெரிய தீவுக்கு மாஹே என்று பெயர். (புதுச்சேரியோடு சேர்ந்த நம் மாஹே வேறு!) வியாபாரத்துக்கும் வேலைக்கும் வந்த தமிழர்களின் வம்சாவளியினர் இங்கே வாழ்கிறார்கள். விக்டோரியா நகரின் நடுவே நவசக்தி விநாயகர் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது.

இங்குள்ள பல தீவுகள் கருங்கல் தீவுகள். சுமார் 6 கோடி வருடங்களுக்கு முன்புவரை இந்தியாவோடு ஒட்டியிருந்த நிலத்தின் மிச்சத் துண்டுகள். அதற்குப் பிறகு நடுக்கடலில் தனித்து நின்றதால், இங்குள்ள பறவைகளும் பூச்சிகளும் தங்களுக்கென்று ஒரு தனி வழியில் வளர்ந்தன. 18-ம் நூற்றாண்டில் மனிதர்கள் குடியேறும்வரை அங்கே எலி இல்லை, பூனை இல்லை. அதனால் பல பறவைகளுக்குத் தரையில் நடக்கும் விலங்கைப் பார்த்து ஒளியவே தெரியாது.

குடியேறியவர்கள் காட்டை வெட்டித் தென்னை நட்டார்கள். கொப்பரைக்கு உலகச் சந்தையில் நல்ல விலை இருந்த காலம் அது. நமக்குத் தென்னை கற்பகத்தரு. அங்கேயோ தீவு தீவாகக் காட்டை விழுங்கிய மரம் அதுதான். 1970-களில் கொப்பரைத் தொழில் படுத்தது. தோட்டங்களைப் போட்டது போட்டபடி விட்டுப் போனார்கள். விழுந்த தேங்காய்களெல்லாம் முளைத்து, வேறு எந்தச் செடிக்கும் வெளிச்சம் விடாமல் அடர்ந்தன.

கப்பல்களில் எலி வந்தது. மனிதர்களோடு பூனையும் வந்தது. மைனாவையும் கொண்டுவந்தார்கள். எலியைப் பிடிக்கும் என்று நம்பி 1950 வாக்கில் கூகை ஆந்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது எலியைவிடச் சுலபமாகக் கிடைத்த பறவைகளைத் தின்றது. நம் ஊர்க் காடுகளை நாசம் பண்ணும் உண்ணிச்செடியும் வந்து புதர் கட்டியது.

குண்டுகரிச்சானின் சொந்தக்காரப் பறவை

நம் ஊர்த் தோட்டங்களில் விடியற்காலையில் இனிமையாகப் பாடும் குண்டுகரிச்சானைப் பலரும் பார்த்திருப்பார்கள். கறுப்பு வெள்ளை நிறம். வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும். அதன் நெருங்கிய உறவுப் பறவை ஒன்று செஷல்ஸில் இருக்கிறது. உடல் முழுக்கப் பளபளக்கும் கறுப்பு, இறக்கையில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. உள்ளூர் கிரியோல் மொழியில் அதை 'பி சான்தே' என்கிறார்கள். பாடும் பறவை என்று அர்த்தம்.

இதற்குத் தரையில்தான் சாப்பாடு. சருகைக் கிளறிப் பூச்சி பிடிக்கும். பெரிய ஆமைகள் நடக்கும்போது பின்னாலேயே போய், கலைந்து ஓடும் பூச்சிகளைக் கொத்தும். யாராவது மண்ணைக் கொத்தினால் பக்கத்திலேயே வந்து நிற்கும். மனிதர்களைக் கண்டு பயப்படாத குணம். பூனைக்கு இதைவிடச் சுலபமான இரை கிடைக்குமா? போதாததற்கு, ஒரு முறைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும்.

ஒரு காலத்தில் பல தீவுகளில் இருந்த இந்தப் பறவை, 1960-களில் ஃப்ரிகேட் என்ற ஒரே தீவில் மட்டும் மிஞ்சியது. அப்போது எண்ணிப் பார்த்தபோது மொத்தம் பதினைந்துகூட இல்லை. உலகத்திலேயே அவ்வளவுதான். ஒரு பூனை ஒரு மாதம் வேட்டையாடினால் கதை முடிந்திருக்கும்.

1980-களின் தொடக்கத்தில் ஃப்ரிகேட்டிலிருந்து பூனைகளை ஒழித்தார்கள். 1990-ல் பறவைப் பாதுகாப்பு அமைப்புகள் முழுமூச்சாகக் களமிறங்கியபோதும் எண்ணிக்கை இருபத்துச் சொச்சத்தில்தான் இருந்தது. கூடு கட்டப் பெட்டிகள் வைத்தார்கள். கூடுதல் தீனி வைத்தார்கள். கூட்டைக் கலைக்கும் மைனாக்களை விரட்டினார்கள். ஒரு தீவில் ஆபத்து வந்தால் மொத்த இனமும் அழியக்கூடாது என்பதற்காக, 1994-ல் கசின் தீவுக்கும் 1995-ல் கசீன் தீவுக்கும் சில பறவைகளைக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள்.

அது எவ்வளவு சமயோசிதமான முடிவு என்பது அதே வருடம் தெரிந்துவிட்டது.

ஓட்டல் வந்தது... எலியும் வந்தது!

ஃப்ரிகேட் ஒரு தனியார் தீவு. சுமார் 219 ஹெக்டேர். அங்கே சொகுசு ஓட்டல் கட்டும் வேலை 1990-களின் நடுவில் நடந்துகொண்டிருந்தது. படகு படகாகச் சரக்கு வந்து இறங்கியது. அந்தச் சமயத்தில், 1995-ல், அதுவரை எலியே இல்லாத ஃப்ரிகேட்டில் முதல் எலி தென்பட்டது. பெரிய உடம்பும் நன்றாக நீந்தும் திறமையும் கொண்ட பழுப்பு எலி.

பொறி வைத்தார்கள், விஷம் வைத்தார்கள். ஆனால், பறவைகளும் அதே தரையில்தான் மேய்கின்றன. எலிக்கு வைத்த விஷத்தைப் பறவை தின்றுவிட்டால்? பயந்து பயந்து செய்த முயற்சிகள் பலன் தரவில்லை. எலிகள் தீவு முழுக்கப் பரவிவிட்டன.

ஆபத்து பறவைக்கு மட்டுமல்ல. ஃப்ரிகேட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பெரிய வண்டினம் ஒன்று அங்கே இருக்கிறது. அது பறக்காது. எலிக்கு அது வறுகடலை மாதிரி. அந்த இனம் அடியோடு போய்விடக் கூடாது என்று, சில வண்டுகளை லண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு அனுப்பி அங்கே வளர்க்க ஆரம்பித்தார்கள்.

2000-ம் ஆண்டு பெரிய நடவடிக்கை தொடங்கியது. தீவுகளில் எலி ஒழிப்பதில் கைதேர்ந்த நியூசிலாந்து நிபுணர்கள் வந்தார்கள். முதலில் பறவைகளைப் பிடித்துக் கூண்டுகளில் பத்திரப்படுத்தினார்கள். ஆமைகளையும் ஒதுக்கி அடைத்தார்கள். பிறகு, ஹெலிகாப்டரிலிருந்து தீவின் ஒவ்வோர் அங்குலத்திலும் எலி விஷத்தைத் தூவினார்கள். இரண்டு எலி தப்பித்தால்கூட எல்லாம் வீண். அதனால், ஓட்டல் கட்டடம், சமையலறை, குப்பைக்கிடங்கு எதையும் விட்டுவைக்கவில்லை. விஷம் கரைந்து ஆபத்து நீங்கும்வரை பறவைகளைக் கூண்டில் வைத்துக் காப்பாற்றி, பிறகு திறந்துவிட்டார்கள்.

ஃப்ரிகேட்டில் எலி ஒழிந்தது. ஒரு வருடத்திலேயே, 2001-ல், செஷல்ஸின் இன்னொரு அரிய பறவையான வெள்ளைக்கண்ணியை அங்கே குடியேற்றினார்கள். 2011-ல் செஷல்ஸ் கதிர்க்குருவிகள் 59 வந்து சேர்ந்தன.

ஓட்டல் கட்டிய காலத்தில்தான் ஆபத்து வந்தது. அந்த ஆபத்தைத் துடைக்க நடந்த பெரும் வேலையிலும் அதே ஓட்டல்காரர்களின் பங்கு இருந்தது. சொகுசுச் சுற்றுலா பற்றிய விவாதத்தில் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி இன்னொன்றை மறைத்துவிட முடியாது.

வெட்டிய சவுக்குதான் வீட்டுத் தூண்

நார்த் தீவின் கதை கொஞ்சம் வித்தியாசமானது. இதுவும் கைவிடப்பட்ட கொப்பரைத் தோட்டம்தான். பராமரிப்பில்லாமல் திரிந்த மாடுகள், பன்றிகள், பூனைகள், எலிகள் என்று சீரழிந்து கிடந்தது. ஆப்பிரிக்கக் காட்டுச் சுற்றுலாவில் பெயர்பெற்ற வைல்டர்னஸ் சஃபாரிஸ் நிறுவனமும் பங்குதாரர்களும் 1997-ல் இதை வாங்கினார்கள். ஓட்டல் நடத்தி, அந்த வருமானத்தில் தீவைப் பழையபடி காடாக்குவது திட்டம். அழிந்துகொண்டிருக்கும் உயிர்களுக்கு அடைக்கலம் தரும் இடம் என்பதால், பைபிளில் வரும் நோவாவின் பேழையின் பெயரை அந்தத் திட்டத்துக்கு வைத்தார்கள்.

வந்தேறித் தாவரங்களை வெட்டினார்கள். அடர்ந்து கிடந்த தென்னை, சவுக்கு, உண்ணிச்செடி எல்லாம் படிப்படியாக அகற்றப்பட்டன. வெட்டிய சவுக்கு மரங்களும் நோயில் பட்டுப்போன தகமாக்கா மரங்களும் வில்லாக்களின் தூணாகவும் கட்டையாகவும் மாறின. அந்த இடத்தில் மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நட்டார்கள்.

தகமாக்கா என்றால் ஏதோ புதிய மரம் என்று நினைக்க வேண்டாம். நம் சங்கப் பாடல்களில் மணக்கும் புன்னை மரம்தான் அது! நம் ஊர் வாசல்களில் லச்சக்கொட்டைக் கீரை என்று வளர்க்கும் மரத்தின் காட்டு இனமும் அங்கே உண்டு. கடற்பறவைகள் விரும்பிக் கூடு கட்டும் மரம். கடலோரத்தில் நாட்டு வாதுமையும் நிழல் தருகிறது.

ஓட்டல் 2003-ல் திறந்தது. அதே வருடம் செய்த எலி ஒழிப்பு தோற்றுப்போனது. 2005-ல் மறுபடி முயன்று ஜெயித்தார்கள். 2007-ல் கான்செப்சியான் என்ற தீவிலிருந்து 25 வெள்ளைக்கண்ணிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை இங்கேயே குஞ்சு பொரித்துப் பெருகின. வாங்கியதிலிருந்து முதல் பறவையைக் கொண்டுவந்து விடும்வரை 10 வருடங்கள். காடு வளர்ப்பதில் பணத்தால் வாங்க முடியாத ஒன்று உண்டென்றால், அது காலம்தான்.

பணக்காரர்கள் எதற்கு?

'இயற்கையைக் காப்பாற்ற அரசாங்கம் இல்லையா, பணக்காரர்கள்தான் வரணுமா?' என்று கேட்கத் தோன்றும். கணக்கு எளிமையானது.

எலி ஒழிப்புக்கு ஹெலிகாப்டர், நிபுணர்கள், விஷம் என்று ஒரே தடவையில் பெரும் தொகை வேண்டும். அதற்குப் பிறகும் செலவு நிற்காது. வந்தேறிச் செடிகள் வருடா வருடம் முளைக்கும், பிடுங்க ஆள் வேண்டும். பறவைகளுக்குக் காலில் வளையம் மாட்டி எண்ண வேண்டும். எலி வருகிறதா என்று தினம் கவனிக்க வேண்டும். சின்ன நாட்டின் பட்ஜெட்டில் எல்லாத் தீவுகளுக்கும் இது முடியாத காரியம்.

ஆயிரம் பேர் தங்கும் மலிவான ஓட்டல் கட்டினால் வருமானம் வரும். ஆனால், தண்ணீர், கழிவு, குப்பை, படகுப் போக்குவரத்து எல்லாம் அந்தத் தீவை நெரித்துவிடும். 11 வில்லாவோ, 16 வில்லாவோ வைத்து, அதிக வாடகை வாங்கினால் தீவின் பெரும்பகுதியைக் காடாகவே விடலாம். ஃப்ரிகேட்டில் 1998-ல் திறந்தபோது 16 வில்லாக்கள்தான். இன்று அங்கே ராட்சத ஆமைகள் ஆயிரக்கணக்கில் சுதந்திரமாகத் திரிகின்றன. குண்டுகரிச்சான் உறவுக்காரப் பறவை அவற்றின் பின்னால் பூச்சி தேடிப் போகிறது.

டெனிஸ் தீவும் இதே பாதையில் போனது. பூனையும் எலியும் ஒழிந்த பிறகு, 2004-ல் கதிர்க்குருவிகள் வந்தன. 2008-ல் பாடும் பறவைகளும் நீண்ட வால் கொண்ட செஷல்ஸ் அரசவால் ஈப்பிடிப்பான்கள் 23-ம் குடியேறின. கூடுகளைத் தாக்கிய மைனாக்களைப் பிடிப்பதற்குப் பல வருடங்கள் பிடித்தன. ஓட்டலின் சாப்பாட்டுக்குத் தேவையான காய்கறி, பால், இறைச்சியில் கணிசமான பங்கைத் தீவின் பண்ணையே தருகிறது. சரக்குப் படகு குறைந்தால் எலி வரும் வாய்ப்பும் குறையுமே!

விருந்தினர் இங்கே முதலாளி இல்லை

செஷல்ஸின் இன்னொரு சிறப்பு, அழுங்காமை. மற்ற நாடுகளில் இரவில் கரையேறி முட்டையிடும் இந்த ஆமை, இங்கே பட்டப்பகலிலும் வந்து முட்டையிடும். அழகிய ஓட்டுக்காக ஒரு காலத்தில் கொன்று குவிக்கப்பட்ட இனம். 1994-ல் செஷல்ஸ் சட்டம் போட்டு அதற்கு முழுப் பாதுகாப்பு கொடுத்தது.

முட்டைக் காலத்தில் கடற்கரையில் ஆமை வந்தால், எத்தனை லட்சம் கட்டியவரானாலும் விலகித்தான் நிற்க வேண்டும். கரையைப் பார்த்து எரியும் விளக்குகளைக் குறைக்க வேண்டும். வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துக் குஞ்சுகள் வழிதவறிப் போகும் என்பதே காரணம். பெட்டியில் விதை, செடி, பழம் எதுவும் கொண்டுவரக் கூடாது. 'காசு கொடுத்திருக்கேன், என் இஷ்டம்' என்பது இங்கே செல்லாது.

பசுமைச் சுற்றுலா என்று பெயர்ப்பலகை மாட்டிய எந்த இடத்தையும் சோதிக்க இது ஒரு நல்ல அளவுகோல். துண்டைத் தினமும் துவைக்காமல் விடுவதும், பிளாஸ்டிக் ஸ்ட்ராவை நிறுத்துவதும் நல்லதுதான். அவற்றால் ஓட்டலுக்குச் செலவும் மிச்சம். விருந்தினரின் வசதியா, தீவின் பாதுகாப்பா என்று வரும்போது எது ஜெயிக்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி. எத்தனை ஏக்கர் காடு திரும்பியது, எந்த இனம் எத்தனை கூடியது என்று எண்ணிக்கையோடு பதில் சொல்ல முடிய வேண்டும்.

மறுபக்கம்

எல்லாம் சரி, குறையே இல்லையா? உண்டு.

இந்தத் தீவுகளுக்கு வருகிறவர்கள் பல ஆயிரம் கிலோமீட்டர் விமானத்தில் வருகிறார்கள். கடைசிக் கட்டத்துக்கு ஹெலிகாப்டர். அந்தப் புகை பூமியைச் சூடாக்குகிறது, சூடாகும் கடல் பவளப்பாறைகளைக் கொல்கிறது. 1998-லும் 2016-லும் கடல் சூடேறி, செஷல்ஸின் பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்து அழிந்தன. தீவுக்குள் காட்டை வளர்த்துவிட்டு, தீவைச் சுற்றியுள்ள கடலைக் கெடுப்பதில் பங்கு வகித்தால் கணக்கு முழுமையாகாது.

இரண்டாவது, தன் நாட்டின் அழகான தீவில் ஓர் இரவு தங்குவது சராசரி செஷல்ஸ்வாசிக்குக் கட்டுப்படியாகாது. அந்தப் பறவையை அவர் படத்தில்தான் பார்க்க வேண்டுமா? இதற்கு மாற்றாக நிற்கிறது கசின் தீவு. அதுவும் பழைய தென்னந்தோப்புதான். 1968-ல் பறவைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று அதை வாங்கியது. அப்போது செஷல்ஸ் கதிர்க்குருவி உலகத்திலேயே அந்தத் தீவில் மட்டும், முப்பதுக்கும் குறைவாகத்தான் இருந்தது. ஓட்டல் கட்டவில்லை. தென்னையை அடக்கிக் காட்டை வளரவிட்டார்கள். குருவி பெருகியது. இன்று அந்த இனம் ஐந்து தீவுகளில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. பகலில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும் பயணிகளின் கட்டணத்தில், நேச்சர் செஷல்ஸ் என்ற உள்ளூர் அமைப்பு கசினை நடத்துகிறது. சொகுசு இல்லாமலும் முடியும் என்பதற்கு அது சாட்சி.

மூன்றாவது குறை 2020-ல் வெளிச்சத்துக்கு வந்தது. கொரோனாவால் விமானங்கள் நின்றன. சொகுசு ஓட்டலுக்கும் வருமானம் இல்லை, கசினுக்கும் இல்லை. பயணிகள் வராவிட்டாலும் செடி முளைக்கும், எலி நீந்தும், பறவை கூடு கட்டும். ஒரே ஒரு வருமானத்தை நம்பி ஓர் இனத்தின் உயிரை ஒப்படைப்பது எவ்வளவு ஆபத்து என்று அந்த வருடம் புரியவைத்தது. ஓட்டலின் முதலாளி மாறினால், புதியவருக்கும் அதே அக்கறை இருக்குமா என்ற கேள்வியும் சேர்ந்தே இருக்கிறது. அதனால்தான், பாதுகாப்பு வேலையை ஓட்டலின் நல்ல மனதுக்கு மட்டும் விட்டுவிடாமல் சட்டமும் தனி நிதியும் காவல் நிற்க வேண்டும் என்கிறார்கள் இத்துறையினர்.

எண்ணிக்கை பேசுகிறது

குறைகளைக் கூட்டிக் கழித்த பிறகும் ஒரு கணக்கு மிஞ்சுகிறது. ஒரே தீவில் பதினைந்துக்கும் குறைவாக இருந்த பாடும் பறவை, ஃப்ரிகேட், கசின், கசீன், அரீட், டெனிஸ் என்று ஐந்து தீவுகளுக்குப் பரவி, இன்று நூற்றுக்கணக்கில் வாழ்கிறது. 2005-ல், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், 'அழிவின் விளிம்பில்' என்ற நிலையிலிருந்து ஒரு படி மேலேறியது. இந்த ஐந்தில் ஃப்ரிகேட், கசீன், டெனிஸ் ஆகிய மூன்றும் ஓட்டல் கட்டிய தனியார் தீவுகள். மற்ற இரண்டும் ஓட்டல் இல்லாத சரணாலயங்கள். இரண்டு வழிகளும் சேர்ந்துதான் அந்தப் பறவையைக் காப்பாற்றியிருக்கின்றன.

ஆனாலும் அது இன்னும் ஒரு முறைக்கு ஒரே முட்டைதான் இடுகிறது. அந்த ஒற்றை முட்டையைக் கூட்டில் பத்திரமாக வைத்திருப்பது, தூரத்தில் ஒரு சரக்கு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் ஓர் ஊழியரின் கவனம். வில்லாவில் தூங்கும் விருந்தினருக்கு அவர் யாரென்றே தெரியாது. அவருக்குச் சம்பளம் அந்த வாடகையிலிருந்துதான் போகிறது. அது நிற்காமல் போகும்வரை, அந்தப் பாட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.